மலாவிக்கு ஒரு மனு

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம், வேலையிலிருந்து ஓய்வுபெறும் கிறிஸ்தவனுக்குப் பொழுது போகாது என்ற கவலையே கிடையாது. சபை நிர்வாகத்துக்கு ஆள் எடுக்கும் சேகரத் தேர்தல் என்று ஒன்று இருக்கிறது. பிரிவு உபசார விழாவில் போட்ட மாலை வாடுவதற்குள் ஒரு அணி வீடு தேடி வந்து, "அண்ணாச்சி நம்ம பக்கந்தானே?" என்று கேட்டு, காபி குடித்துவிட்டுப் போகும். சாயங்காலம் எதிரணி வந்து அதே கேள்வியைக் கேட்டு, முறுக்கையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும். இரண்டு அணிக்கும் நான் "கண்டிப்பா" என்றே சொன்னேன். அதற்குப் பிறகு உள்ளூரில் இருப்பது அவ்வளவு உசிதமாகப் படவில்லை.

வெளிநாட்டு ஊழியத்துக்கு நான் விண்ணப்பித்ததற்கு இதுதான் காரணம் என்று என் மைத்துனன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அபாண்டம். ஆவிக்குரிய காரணங்களும் இருந்தன.

நாங்கள் வளர்ந்த மண் அப்படி. 1820இல் மிஷனரி ரேனியுஸ் ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம்) இந்த ஊருக்கு வந்தார். 1841இல் கால்டுவெல் சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே இடையன்குடிக்கு வந்துசேர்ந்தார். வந்தவர் ஐம்பது வருஷம் அங்கேயே இருந்து, தேரிக்காட்டு வெயிலில் ஒப்பிலக்கணமும் எழுதிவிட்டார். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பெயர்க்காரணம் கேட்டுப் பாருங்கள், கடல் தாண்டி வந்த யாரோ ஒருவரிடம்தான் போய் நிற்கும். வந்துகொண்டே இருக்கிறார்களே, நாம் யாரையாவது அனுப்ப வேண்டாமா என்று கேட்டவர்களும் இதே ஊரில்தான் இருந்தார்கள். 1903இல் வேதநாயகம் அசரியாவும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். பின்னால் அசரியாவே அங்கே போய்த் தெலுங்கு கற்று, 1912இல் அந்த ஊருக்கே பேராயரானார். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஊழியத்துக்கென்று தனிக் கலயத்தில் போடும் வழக்கம் என் பாட்டிக்கு உண்டு. அந்தக் கலயத்திலிருந்து அரிசி தின்று அடி வாங்கியவன் நான். ஆக, மிஷன் பணிக்கு என் குடும்பம் பட்ட கடனில் என் பங்கு வட்டியோடு நிலுவையில் இருந்தது.

போதாக்குறைக்கு, ஆப்பிரிக்காவோடு எனக்குப் பழைய தொடர்பும் உண்டு. ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில், ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் நாடகம் போட்டோம். லிவிங்ஸ்டன் வேஷம் ஐயர் வீட்டுப் பையனுக்குப் போய்விட்டது. 1844இல் அவர் இடது தோளைக் கடித்துக் குதறியதே ஒரு சிங்கம், அது நான். கடிப்பது போல நடிக்கச் சொன்னார்கள். வேஷம் பறிபோன ஆத்திரத்தில் கொஞ்சம் மெய்யாகவே கடித்துவிட்டேன். பையன் அலறியதைப் பார்த்து, இவ்வளவு தத்ரூபமாக இதுவரை யாரும் நடித்ததில்லை என்று சபையார் கைதட்டினார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு மிஷன் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். மலாவி நாட்டில் ஒரு மிஷன் மருத்துவமனைக்குக் கணக்கர் தேவை, ஓய்வுபெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. கணக்குப் பிரிவிலேயே தலைநரைத்தவன் நான். பேரனுடைய அட்லஸை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், நீளமான ஏரி ஒன்றின் கரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது மலாவி. 1964இல் விடுதலை பெறும்வரை அதற்கு நியாசாலாந்து என்று பெயர். அங்கே பிளான்டயர் என்று ஒரு பெருநகரம். லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். லிவிங்ஸ்டனுக்கு ஒரு நகரம் என்றால் சிங்கத்துக்கு ஒரு கணக்கு மேஜைகூடவா கிடைக்காது? எழுதிப் போட்டேன். விண்ணப்பப் படிவம் வந்தது.

படிவம் என்றால் பெயர், வயது, கல்வித் தகுதி என்று ஒரு தாள் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு புத்தகம். முதல் பகுதி, "உங்கள் சாட்சியைச் சுருக்கமாக எழுதவும்." சுருக்கம் என்பது என் சுபாவத்தில் இல்லை. சிங்கத்திலிருந்து தொடங்கி, திடப்படுத்தல் ஆராதனை, பாடகர் குழுவில் பேஸ் குரல் பாடியது, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை வீராப்புக்கு எண்ணூறு ரூபாய் வரை ஏற்றிவிட்டு எதிராளி தலையில் கட்டியது என்று தாள் தாளாக இணைத்தேன். ஏலச் செய்தியை, "காணிக்கைப் பெருக்கத்துக்கு உதவினேன்" என்று பக்குவமாக எழுதியிருந்தேன்.

அடுத்த பகுதியில்தான் படிவம் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. "வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்டிருந்தது. நெடுநேரம் யோசித்து, "மேற்பார்வை" என்று எழுதினேன். "வேறு பண்பாட்டைச் சேர்ந்தவர்களோடு நெருங்கிப் பழகிய அனுபவம் உண்டா?" உண்டு. மருமகன் வேலூர்க்காரர். மறுவீட்டு விருந்தில் சொதி ஊற்றியபோது, இது ரசமா மோரா என்று கேட்டவர். அவரை இன்றுவரை அன்போடு நடத்திவருகிறேன் என்று குறிப்பிட்டேன். "பழக்கமில்லாத உணவைத் தயக்கமின்றி உண்பீர்களா?" "எனக்கு முன் வைக்கப்படும் எதையும் ஸ்தோத்திரத்தோடு உண்பேன்."

இந்த வரியை எழுதி முடித்தபோது என் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நேத்து உப்புமாவைப் பாத்துட்டு, பசி இல்லன்னு எந்திரிச்சுப் போனது யாரு?"

"அது உள்ளூர் உப்புமா. இது பணித்தளம்."

"பணித்தளத்துல பசிக்குமோ?"

நான் பதில் சொல்லவில்லை. ஊழியத்துக்குப் போகிறவனுக்குப் பொறுமை முக்கியம்.

பொறுமை அடுத்த பக்கத்தில் சோதனைக்கு வந்தது. "துணைவரின் சம்மதம்" என்று தலைப்பிட்டு அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள். அவரே தம் கையால் எழுத வேண்டுமாம். முப்பத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் சார்பில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் என் கையெழுத்துதான். அந்தப் பழக்கத்தில், "ரூத்தைப் போல, அவர் எங்கே போனாலும் நானும் போவேன்" என்று அழகாக எழுதி, கையெழுத்துக்கு மட்டும் அவளிடம் நீட்டினேன்.

அவள் வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை வாசித்தாள்.

"ரூத் அதை மாமியாகிட்டல்லா சொன்னா? புருஷன்கிட்டயா சொன்னா?"

வேதத்தில் அவளுக்கு இவ்வளவு தேர்ச்சி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"உங்க அம்மா இருந்தவரைக்கும் அவங்க போன பக்கமெல்லாம் நான் போயாச்சு. அந்தக் கணக்கு முடிஞ்சிட்டு. இது புதுக் கணக்கு. என்னைக் கேக்காம எப்படி எழுதுனீய?"

இதில் நான் தனி ஆள் இல்லை என்பதைச் சரித்திரத்திலிருந்து எடுத்துக்காட்டினேன். செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் கேரி 1793இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அவர் மனைவி டாரதி வர மாட்டேன் என்றுதான் சொன்னார். நிறைமாத கர்ப்பிணி. கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லை என்று வழியில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் குழந்தை பிறந்திருக்கிறது. மறுபடியும் கெஞ்சினார். தங்கை கிட்டி கூட வருவதானால் நானும் வருகிறேன் என்று டாரதி ஒப்புக்கொண்டு, கைக்குழந்தையோடு புறப்பட்டார். "பாத்தியா, கடைசியில் வந்துட்டாங்கல்லா?" என்றேன்.

"வந்து என்ன ஆச்சு?"

அதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். வங்காளத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, சித்தம் கலங்கி, பல வருஷம் அடைபட்டுக் கிடந்து 1807இல் டாரதி இறந்துபோனார். என் மனைவிக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. "அந்த அம்மாகிட்டயும் ஒரு பாரம் குடுத்து, எழுதச் சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, கீழே "யோசிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். எங்கள் குடும்பத்திலிருந்து வெளியே போன எந்தத் தாளிலும் அதுவரை அப்படி ஒரு வார்த்தை இருந்ததில்லை.

அந்தப் படிவத்தோடு என்னைத் தேர்ந்தெடுப்பார்களா என்ற பயம் வந்ததும், பெரிய மிஷனரிகள் எப்படித் தேர்வானார்கள் என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க நெஞ்சு நிமிர்ந்தது. லிவிங்ஸ்டன் போக ஆசைப்பட்டது சீனாவுக்கு. அபினிப் போர் குறுக்கே வந்ததால் ஆப்பிரிக்காவுக்குப் போனார். பயிற்சிக் காலத்தில் ஒரு கிராமத்துச் சபையில் பிரசங்கம் செய்ய ஏறியவர், வசனத்தை வாசித்ததோடு எல்லாம் மறந்துபோய், நண்பர்களே, சொல்ல வந்தது மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடியே போனார். சங்கத்தார் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள்.

எங்கள் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் கதை அதைவிட நல்ல கதை. சீனாவுக்குப் போகப் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. சைனா இன்லண்ட் மிஷனின் டாக்டர் பார்த்து, இந்த உடம்பு தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஜப்பானுக்குப் போனார், அங்கேயும் உடம்புக்கு முடியவில்லை. 1895இல் இந்தியாவுக்கு வந்தார், 1901இல் டோனாவூருக்கு வந்தார். அங்கேயே 1951இல் இறந்தார். வந்ததிலிருந்து ஒருமுறைகூட ஊருக்கு விடுப்பில் போகவில்லை. தாங்காது என்று சொல்லப்பட்ட உடம்பு திருநெல்வேலிச் சீமை வெயிலில் அரை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. கிளாடிஸ் ஐல்வர்டு என்ற லண்டன் வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் அதே மிஷன்தான் வேண்டாம் என்றது. படிப்பு ஏறவில்லை, சீன மொழி கற்க வயதும் கடந்துவிட்டது என்று காரணம். வயது முப்பதுகூட ஆகவில்லை! அந்தப் பெண் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசைப் பயண அலுவலகத்தில் தவணை தவணையாகக் கட்டி, 1930இல் சைபீரியா வழியாக ரயிலேறிச் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்து, சீன மொழியில் வெளுத்து வாங்கினார்.

பிரசங்கம் வராதவர், உடம்பு முடியாதவர், படிப்பு ஏறாதவர் எல்லாரும் போய்ச் சாதித்திருக்கிறார்கள். எனக்கோ இந்த மூன்று தகுதியும் ஒருங்கே இருந்தன. மைத்துனனிடம் சொன்னேன். "அத்தான், அவங்களுக்கு வேற என்னமோ ஒண்ணு இருந்திருக்கும். அதையும் தேடிப் படிங்க" என்றான்.

மருத்துவப் பரிசோதனை எனக்குச் சவாலாக இருக்காது என்று நம்பினேன். சர்க்கரை கொஞ்சம் உண்டு. ஆனால் அதைக் கையாளும் விதம் எனக்குத் தெரியும். பரிசோதனைக்கு முந்தின இரண்டு மூன்று நாள் உபவாச ஜெபம் இருந்து, ஆவியையும் ரத்தத்தையும் ஒருசேரச் சுத்தப்படுத்திக்கொண்டு போனேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை பிரமாதமாக வந்தது. "பாத்தீங்களா டாக்டர்?" என்றேன். அவர் இரண்டாவது தாளைப் புரட்டினார். எச்பிஏ1சி என்று ஒரு சோதனை இருக்கிறது. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதம் நீ எப்படி இருந்தாய் என்று சொல்லிவிடும். உபவாசம் எல்லாம் அதனிடம் செல்லாது. கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு முந்திரிக்கொத்து, பொங்கலுக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த அதிரசம், நடுவில் மூன்று கல்யாண வீடு எல்லாம் ஒரே எண்ணாகத் திரண்டு தாளில் உட்கார்ந்திருந்தன. "மாத்திரையை ஒழுங்கா போட்டா போகலாம். மலேரியா உள்ள நாடு, அதுக்கும் தடுப்பு மாத்திரை தொடர்ந்து போடணும். மாத்திரையை மறக்காம போடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "எடுத்துக் குடுப்பா" என்றேன். அவர் நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்புறம் நற்சான்று. சபைக் குருவானவர் ஒன்று, கூட வேலை பார்த்தவர் ஒன்று, நம்மோடு ஒத்துப்போகாதவர் ஒருவர் ஒன்று. மூன்றையும் உறையில் போட்டு ஒட்டி நேரே அனுப்பிவிட வேண்டும். மூன்றாவது ஆளைத் தேட எனக்குச் சிரமமே இருக்கவில்லை, பொறுக்கி எடுக்கத்தான் சிரமப்பட்டேன். ஐயரைப் போய்ப் பார்த்தேன். என் மகன் வயதுதான். படிவத்தை நிதானமாக வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல உண்மையை எழுதணுமா, நல்லதா எழுதணுமா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதானய்யா?" என்றேன். அவர் பேனாவை எடுத்தார், மூடினார். "ஜெபம் பண்ணிட்டு எழுதுதேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இந்த வாசகத்துக்கு ஒரு தனி அந்தஸ்து உண்டு. முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் மரியாதையாக இராது. ஆகவே ஜெபத்தைச் சாட்சிக்கு வைத்து மெல்ல நழுவுவோம். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஜெபித்துச் சொல்கிறோம் என்றால் அந்த வீட்டில் அன்றே அடுத்த வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இதன் முழு வீச்சை நான் தாங்குவோரைச் சேர்க்கக் கிளம்பியபோதுதான் அனுபவித்தேன். மிஷன் பணியாளருக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. மாதம் ஐந்நூறோ ஆயிரமோ தருகிற நண்பர்களையும் உறவினர்களையும் நாமே சேர்க்க வேண்டும். அதற்கென்று ஜெப அட்டை அச்சடிப்பது வழக்கம். ஒரு பக்கம் ஊழியரின் படம், மறுபக்கம் நாட்டு வரைபடமும் ஒரு வசனமும். பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்துத் தினம் பார்த்து ஜெபிப்பார்கள். நானும் கோட்டு மாட்டிப் படம் எடுத்து அட்டை அடித்தேன். "சார், கொஞ்சம் சிரிக்காம பாருங்க, ஊழியக்காரர் மாதிரி வரும்" என்று ஸ்டூடியோக்காரர் சொன்னபடியே பார்த்தேன். காலமானார் அறிவிப்புக்கு எடுத்த படம் மாதிரி வந்துவிட்டது.

அட்டையோடு வீடு வீடாகப் போனேன். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், காபி தந்தார்கள், ஜெபிக்கிறோம் என்றார்கள். மலாவிக்காக அத்தனை பேர் ஜெபித்திருந்தால் அந்த நாட்டுக்கு இந்நேரம் வேறு எந்தக் குறையும் இருந்திராது. சித்தப்பா ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பையைத் துழாவி ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துவந்து கையில் வைத்தார். "மாசாமாசமா சித்தப்பா?" என்று கேட்டேன். "இல்ல, நல்லடக்கத்துக்கு வர முடியாமப் போனா என்ன செய்ய, அதான் இப்பவே" என்றார். படத்தை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். இரண்டு தேர்தல் அணிக்காரர்களும் மட்டும் ஆளுக்கு ஆயிரம் தருவதாகத் தாமாகவே முன்வந்தார்கள். எத்தனை வருஷத்துக்கு என்று நான் கேட்டதற்கு, நீங்கள் அங்கே இருக்கும்வரை என்று ஒரே குரலில் சொன்னார்கள். சபையில் பல வருஷமாக அப்படியொரு ஒற்றுமையை யாரும் பார்த்ததில்லை.

இதற்கிடையில் மொழிப்பயிற்சி. மலாவியில் ஆங்கிலம் செல்லும் என்றாலும் மக்கள் பேசுவது சிச்சேவா மொழி. மொழி கற்பதில் எனக்கு முன்மாதிரி மிஷனரி சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கும்போது அவருக்கு இருபத்து நான்கு வயது நிரம்ப ஒரு நாள் இருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் படித்தவர், 1715க்குள் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சில் கொண்டுவந்துவிட்டார். எனக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்தேன். "முலி ப்வாஞ்சி" என்றால் சுகமாயிருக்கிறீர்களா. "ஸிகோமோ" என்றால் நன்றி. இரண்டாவது வார்த்தை வாயில் நன்றாகப் படிந்தது. காலையில் காபி டம்ளரை வாங்கும்போது மனைவியிடம், "ஸிகோமோ" என்றேன்.

"அப்படின்னா?"

"நன்றி."

அவள் டம்ளரைப் பிடித்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா தமிழ்ல வராதது ஆப்பிரிக்கா வழியா சுத்தி வந்திருக்கு. வரட்டும், வரட்டும்" என்றாள். அன்றைக்குக் காபியில் சர்க்கரை இருந்தது.

நேர்காணல் கணினித் திரையில் நடந்தது. அதற்கு முன்பே ஒரு குணநலத் தாள் நிரப்பி அனுப்பியிருந்தேன். "நான் கோபப்படுவதில்லை" என்பதற்கு "முற்றிலும் சரி" என்றும், பல பக்கம் தள்ளி வந்த "என் கோபத்துக்குப் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும்" என்பதற்கும் "முற்றிலும் சரி" என்றும் குறித்திருந்தேன். ஒரே ஆளைப் பற்றித்தான் இரண்டும் சொல்கிறதா என்று குழுத் தலைவர் புன்னகையோடு தொடங்கினார். கணக்கில் கேட்பார்கள் என்று நான் பேரேடு, ஐந்தொகை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர்கள் கேட்டதோ வேறு. உங்களைவிட வயதில் இளையவர் உங்களுக்கு மேலதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தண்ணீர் வராத நாளில் என்ன செய்வீர்கள்? கடைசியாகத் துணி துவைத்தது எப்போது? நான் ஒவ்வொன்றுக்கும், அங்கே போனால் எல்லாம் பழகிக்கொள்வேன் என்றேன். ஒரு வயதான அம்மா, அந்த நாட்டிலேயே பல வருஷம் இருந்துவிட்டு வந்தவராம், மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இங்க செய்யாததை அங்க போய் யாரும் புதுசா செஞ்சு நான் பாத்ததில்ல."

நேர்காணலுக்குத் துணைவரும் உட்கார வேண்டும் என்ற விதிப்படி என் மனைவி பக்கத்தில், பாதி முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரையில் கீரை தெரியாது என்பது அவள் நம்பிக்கை. அந்த அம்மா அடுத்து, "வீட்ல யாருக்காவது ராத்திரி உடம்புக்கு முடியலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"ஜெபிப்பேன்" என்றேன்.

"என்னை எழுப்புவாங்க" என்றாள் என் மனைவி.

"நீங்க என்னம்மா செய்வீங்க?"

"பாப்பேன். நான் நர்ஸ்தான். முப்பது வருஷமா பிரசவ வார்டு. கடைசி பத்து வருஷம் நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தேன்."

அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்த முகங்கள் எல்லாம் திரையில் பெரிதாயின. யாரோ ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மலாவியில் நர்சுகளுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கால் முதலில் வரும் குழந்தைக்கு என்ன செய்வீர்கள், ரத்தப்போக்கு நிற்காவிட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், மின்சாரம் போய்விட்டால்? அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். மின்சாரம் போனால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்ப்போம் என்றபோது அந்த வயதான அம்மா கைதட்டியே விட்டார். கடைசியில், "கணக்கு சம்பந்தமாக ஏதும்…" என்று நான் நினைவூட்டினேன். "தேவையில்லை ஐயா, ரொம்ப சந்தோஷம்" என்றார்கள்.

கடிதம் அவள் பெயருக்கு வந்தது. மருத்துவமனையோடு சேர்ந்த செவிலியர் பள்ளியில் பிரசவப் பராமரிப்பு கற்பிக்க இரண்டு ஆண்டுகளுக்கு அழைப்பு. அவள் ஒரு வரியும் விண்ணப்பிக்கவில்லை. "யோசிக்கிறேன்" என்று எழுதியதே அவர்களுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. கணக்கர் வேலைக்கு அந்த ஊர் இளைஞர் ஒருவரே கிடைத்துவிட்டார் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: "தங்கள் கணவரும் உடன் வரலாம். அவருக்கென்று குறிப்பிட்ட பணி எதுவும் இல்லை. வீட்டைக் கவனித்துக்கொள்ளலாம்."

செய்தி கேட்டு இரண்டு அணிக்காரர்களும் வாழ்த்த வந்தார்கள். மைத்துனன் வந்து, "அத்தான், லிவிங்ஸ்டன் வேஷம் இந்தத் தடவையும் போச்சே" என்று துக்கம் விசாரித்தான். மகள் தொலைபேசியில், "அம்மா, அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போயிராதீங்க, கூடவே வச்சுக்கோங்க" என்றாள். நானும் பெருந்தன்மையோடு, "போவோம்ட்டி, இதுவும் ஊழியம்தான்" என்றேன்.

என் மனைவி கடிதத்தை மடித்துப் பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்தாள். "ஜெபம் பண்ணிச் சொல்லுதேன்" என்றாள்.

எனக்குப் பகீர் என்றது. திருநெல்வேலிக்காரன் அல்லவா? ஆனால் இவள் விஷயத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இவள் ஜெபிக்கிறேன் என்றால் மெய்யாகவே ஜெபிக்கிறவள். எந்தப் பக்கம் பதில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னால் ஆனதைச் செய்து வைப்போம் என்று, மலாவிக்காரர்களின் அன்றாட உணவான ந்சிமாவைச் செய்யக் கற்றுக்கொண்டேன். வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கும் தண்ணீரில் தூவி, கட்டி தட்டாமல் கெட்டியாகக் கிண்ட வேண்டும், நம் ஊர்க் களி மாதிரிதான். முதல் பானையை மைத்துனன் மோந்து பார்த்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் பூசலாம் என்றான். அடுத்ததை அவள் ஒரு வாய் மென்றுவிட்டு, "கிண்டுற கை பரவாயில்ல" என்றாள். துடுப்பையும் பானையையும் நானே கழுவி வைத்தேன். அவள் பார்க்கிற மாதிரிதான் கழுவினேன்.

துணைவருக்கான படிவமும் கடிதத்தோடு வந்திருந்தது. அதைத் துணைவர் நிரப்பக் கூடாதாம், அழைக்கப்பட்டவர்தான் நிரப்ப வேண்டுமாம். நேற்று அவள் கடைக்குப் போயிருந்தபோது பாமாலையைப் புரட்டினேன். பாதி நிரப்பியிருக்கிறாள். உடல்நலம்: சர்க்கரை உண்டு, மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். மொழி: ஒரு வார்த்தை தெரியும். உணவு: வைத்ததைச் சாப்பிட வைக்கலாம். வீட்டு வேலை அனுபவம்: பழக்கிவருகிறேன். எல்லாம் பென்சிலில். அழித்துத் திருத்துவதற்கு இடம் விட்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, சாயங்காலமே ரசத்துக்குப் புளி கரைக்கக் கற்றுக்கொண்டேன்.